கல்லீரல் மருந்தும் மனநோய் மருந்தும்

'ஏ'யும் அன்று, 'பி'யும் அன்று என்று மட்டுமே வைத்தியர்கள் பல்லாண்டுகள் குறித்துவந்த கல்லீரல் அழற்சியின் கிருமியை, 1989-இல் அமெரிக்காவின் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டனும் அவருடைய சகாக்களும் கண்டறிந்து 'சி' என்று பெயரிட்டனர். ஆனால் 1991 முதல் அங்கே அதற்கு அனுமதிக்கப்பட்ட இன்டர்ஃபெரான் ஊசியோ, மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளும்போது, நித்திரையின்மையையும் தாங்கொணாத மனச்சோர்வையும், சிலரிடம் தற்கொலை எண்ணத்தையுமே கிளப்பிவிடும் இயல்புடையதாக இருந்தது. அதனால், போதை ஊசியின் வழியே இக்கிருமிக்கு ஆளானவர்களுள் மனோவியாதியுடையோர் பலராயிருந்தும், அவர்களுக்கே சிகிச்சையின் கதவு அடைபட்டது. இந்த அநீதி இரு தசாப்தங்கள் நீடித்தது. இன்டர்ஃபெரானைத் தொடங்குமுன்பே பராக்ஸெட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தால் சோர்வு குறைகிறது என்பதைத் தோல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஒரு பரிசோதனை 2001-இல் காட்டிய பின்னரும், துணிந்து மருந்து கொடுத்தவர்கள் சிலரே.

2011-இல் வந்த போசெப்ரெவிர், டெலாப்ரெவிர் என்னும் மாத்திரைகள் இன்டர்ஃபெரானைத் துரத்தவில்லை. அதனோடு சேர்ந்தே பிரயோகிக்கப்பட்டுப் புதியதொரு சிக்கலையும் கொணர்ந்தன. பல மனநோய் மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் சிஒய்பி 3ஏ என்ற கல்லீரல் நொதியை அவை முடக்கியமையால், பிமோஸைடு ரத்தத்தில் மிகுந்து இருதயத் துடிப்பையே குலைக்கக்கூடுமென்றும், டிரையஸோலம் மிதமிஞ்சிய மயக்கத்தையும் மூச்சடைப்பையும் விளைக்கக்கூடுமென்றும் அஞ்சி, அவற்றைச் சேர்த்துக் கொடுத்தலாகாதென விலக்கினர். எல்லாம் ஒரே திசையில் செல்லவுமில்லை: டெலாப்ரெவிரோ எஸ்சிடலோப்ராமின் அளவை ஏறத்தாழ 35 சதவீதம் தாழ்த்தியது. 2014-இல் அதே நொதியை முடக்கும் ரிட்டோனாவிர் சேர்ந்த கூட்டு மருந்து வந்தபோது, குவெட்டியாபின் உட்கொள்வோர் அதன் அளவை ஆறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியதாயிற்று.

2013 இறுதியில் அனுமதி பெற்ற சொஃபோஸ்புவிர் அந்த நொதியின் தயவை நாடாதது. அதை அடிப்படையாகக் கொண்ட பின்னாளைய கூட்டு மருந்துகள் பெரும்பாலோரைப் பன்னிரண்டு வாரங்களில் குணமாக்குவன. எனினும் இங்கே பாதிப்பு எதிர்த்திசையில் நேர்கிறது. மனநிலையைச் சமப்படுத்தக் கொடுக்கும் கார்பமஸெபின், சொஃபோஸ்புவிர் குடலிலிருந்து உடலில் சேர்வதைக் குறைத்து, சிகிச்சையையே வீணாக்கிவிடலாம். மனச்சோர்வுக்கென்று மேனாட்டார் சீட்டின்றி வாங்கிப் பருகும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் அத்தகையதே. மூலிகைதானே என்று நோயாளி வைத்தியரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான், அதுவே எனக்குப் பெருங்கவலை.

ஆகவே, மனோவியாதியைக் காரணங்காட்டி இன்று ஒருவருக்கு இம்மருந்தை மறுப்பது நியாயமாகாது. மருந்தைத் தொடங்குமுன் கல்லீரல் வைத்தியரும் மனநல வைத்தியரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளட்டும். கார்பமஸெபினைத் தாமாகத் திடீரென நிறுத்திவிடாமல், தாம் உட்கொள்ளும் மாத்திரை, கஷாயம், மூலிகை அனைத்தையும் நோயாளிகள் இருவரிடமும் ஒளிக்காமல் சொல்லட்டும்.