மாணிக்க கங்கையும் தோட்டத்து மக்களும்

மார்கழி நீராட்டு வைகறைக்குரியது என்பது நூல் வழக்கு. ஊவாத் தோட்டங்களிலோ வைகறை பிரட்டுத் தப்புக்குரியதாயிருந்தது. நோன்பும் முழுமதி வழிபாடும் வேலை விட்டுவைத்த இடைவெளியிலேயே இங்கு வேர்கொண்டன.

அவற்றுள் பெரியது ஆடி விழா. பதுளைப் பக்கத்து மக்கள் மலையிறங்கிப் புத்தல வழியே கதிர்காமம் செல்வர். முழுமதியோடு விழா நிறைவெய்த, மாணிக்க கங்கையில் தீர்த்தமாடுவர். சென்ற நாட்களுக்குச் செக்ரோலில் 'பேர்' விழாது. பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. இவர்கள் பக்திக்குக் கொடுத்த விலையைக் கோயில் உண்டியலிலே தேடிப் பயனில்லை.

இந்த யாத்திரையை 1870களில் வெள்ளையர் அரசாங்கம் கட்டுப்படுத்தியது. காட்டிய காரணம் வாந்திபேதி. யாத்திரிகரிடையே நோய் பரவியது பொய்யன்று. ஆனால், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் எத்தனையோ பேர் அதே நோய்க்கு வழியிலேயே பலியாயினர். அந்த வழி அடைக்கப்படவில்லை. உழைக்க வருங் கூட்டம் மாண்டால் அது தோட்டத்துச் செலவுக் கணக்கு. வழிபடச் செல்லுங் கூட்டமோ சுகாதாரக் கேடு!

சுதந்திர இலங்கையிலே 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. முழுமதி நாள் அரசின் நாளாயிற்று. அம்மதியை நோக்கி நோன்பிருந்த தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக, அவ்வரசின் குடிகளல்லர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.