கேட்டால் போய்விடும் உரிமை

இந்த வாரம் சைக்கிள். பைக் ரைடுன்னு சொன்னதும் புல்லட்டை நினைச்சுடாதீங்க, மிதிக்கிற வண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பத்து இருபது பேராகக் கிளம்புகிற பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். ரூட் போடும்போது மேப்பில் ஒரு மண்பாதை கண்ணில் படும். மெயின் ரோட்டைவிட அழகா இருக்கும், ஆனா பாதி தூரம் யாரோ ஒருத்தரோட தோப்புக்குள்ள போகும். அந்த யாரோ ஒருவரைக் கேட்க வேண்டுமா? கேட்கிறதுதானே மரியாதை என்று தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் ரொம்ப காலமாகவே சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே அனுமதி கேட்டால் உரிமை போய்விடும். இன்றைக்கு அந்தக் கதைதான்.

அங்கே ஒரு பாதை எப்படிப் பொதுப் பாதை ஆகிறது? அரசாங்கம் போட்டால் ஆகும், நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்தால் ஆகும். மூன்றாவது வழி, ஊர் ஜனம் வருடக்கணக்காக நடந்து நடந்தே அதைப் பொதுவாக்குவது. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனை உண்டு. பலவந்தமாகப் போயிருக்கக் கூடாது. ஒளிந்து போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கியும் போயிருக்கக் கூடாது.

மூணாவதைக் கவனிச்சீங்களா? நீங்கள் போய்ப் பணிவாகக் கேட்டு, அவரும் "தாராளமா போங்க" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு நீங்கள் போவது அவர் தரும் சலுகையில்தான். ஐம்பது வருடம் போனாலும் சலுகை சலுகைதான். நாளைக்கு அவர் மகன் கேட்டைப் பூட்டினால் ஒன்றும் பேச முடியாது. கேட்காமல், பகல் வெளிச்சத்தில், உரிமைப்பட்டவர் மாதிரி போயிருந்தால்தான் வழக்காட முடியும்.

நிலத்துக்காரர் பக்கமிருந்தும் இதைப் பாருங்கள். "போனா போகட்டும்" என்று கண்டும் காணாமல் இருக்கும் நல்ல மனுஷனுக்குத்தான் நஷ்டம். அதனால்தான் இன்றைக்கும் சில எஸ்டேட்களில் "இது உங்கள் உரிமை இல்லை, நாங்கள் அனுமதித்த பாதை" என்று போர்டு வைத்திருப்பார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்டை மூடுகிறவர்களும் உண்டு. கஞ்சத்தனம் மாதிரி தெரியும், உண்மையில் அது சட்டத்துக்காகச் செய்கிற ஒரு சடங்கு.

இந்த யோசனை நம்ம ஊருக்கும் அப்போதே கப்பல் ஏறி வந்துவிட்டது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் அமலானதே மதராஸ் மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய இடங்களில்தான். பக்கத்து நிலத்துக்காரர் உங்கள் நிலத்தின் வழியாக 20 வருடம் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, இடைவிடாமல் போய்வந்தால் வழியுரிமை கோரலாம் என்கிறது. கிராமத்தில் சொத்து வைத்திருக்கும் தாத்தா யாரிடமாவது வண்டிப் பாதை வழக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்க, ஒரு முழு எபிசோட் கிடைக்கும்.

இனி 1932க்கு வருவோம். இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டுநிலம். க்ரவுஸ் என்கிற, கௌதாரி மாதிரியான பறவையைச் சுடுவதற்காகவே பிரபுக்கள் அதைக் காவல் போட்டு வைத்திருந்தார்கள். ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் சில நூறு பேர், வேண்டுமென்றே, கூட்டமாக அதன் மேல் ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மன், வயது 20. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து, அவர் அடிவார ஊரான ஹேஃபீல்டுக்கு வந்தது சைக்கிளில்.

மேலே காவல்காரர்களோடு கைகலப்பு. பிறகு கைது. ஐந்து பேருக்குச் சிறை, ராத்மனுக்கு நான்கு மாதம். ஆனால் வழக்கு அத்துமீறி நுழைந்ததற்காக இல்லை, கலவரத்துக்காக. வெறுமனே நுழைவது அங்கே குற்றமே கிடையாது, நிலத்துக்காரர் போட வேண்டிய சிவில் வழக்கு மட்டும்தான். அதே வருடம் நாடாளுமன்றம் பாதையுரிமைச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. மக்கள் 20 வருடம் தடையில்லாமல் பயன்படுத்தினால் பொதுவாக அது பொதுப் பாதை என்று ஆனது. அனுமதி கேட்கக் கூடாது என்கிற நிபந்தனை மட்டும் அப்படியே இருந்தது.

சைக்கிள்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். 1888இல் ஒரு சட்டம் சைக்கிளை வண்டி என்று அறிவித்தது. சாலையில் ஓட்ட அது நல்ல கவசம்தான். ஆனால் வண்டி என்றான பிறகு, நடைபாதையிலும் இடமில்லை, பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதையிலும் இடமில்லை. இருந்தும் போனார்கள். வேஃபேரர் என்ற புனைபெயரில் எழுதிய ராபின்சன் 1919 மார்ச்சில் வேல்ஸின் பெர்வின் மலையைப் பனியில் சைக்கிளோடு கடந்து அதைக் கட்டுரையாக்கினார். அந்த மரபில் வந்தவர்கள் 1955இல் லெம்ஸ்டர் என்ற ஊரில் கூடி ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கமே தொடங்கினார்கள். சைக்கிளைப் பாதி நேரம் தோளில் தூக்கிக்கொண்டு போகிற கூட்டம் அது, எனக்கு ரொம்பப் பிடித்த கூட்டம்.

1968இல்தான் குதிரைப் பாதை சைக்கிளுக்குத் திறந்தது. கூடவே இரண்டு வரி சேர்த்தார்கள். நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும். சைக்கிளுக்காகப் பாதையைச் சரிசெய்யும் கடமை யாருக்கும் இல்லை. கடைசியா வந்த விருந்தாளி கடைசிப் பந்தியில உட்காருங்கிற மாதிரி.

ஆக, இங்கிலாந்தில் ரூட் போடுவது கோடு பார்க்கிற வேலை. ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் குட்டிக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப் பாதை. குட்டிக் கோட்டில் சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவருக்கோ "சரி" என்று சொல்வதில் உள்ளூர ஒரு பயம்.

ஸ்காட்லாந்து இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலத்தில் நடக்கவும் குதிரையில் போகவும் சைக்கிள் ஓட்டவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றது, பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை. வீட்டைச் சுற்றிய இடமும் பயிர் நிற்கும் வயலும் இதில் சேராது. மோட்டார் வண்டிக்குப் பொதுவாக இடமில்லை. உரிமை கோட்டிலிருந்து நடத்தைக்கு மாறிவிட்டது. இதோடு வந்த நடத்தை விதிகள் ரொம்பச் சாதாரண விஷயங்களைச் சொல்கின்றன. குறுகலான பாதையில் நடப்பவருக்கு வழிவிடு. கால்நடைகளை மிரட்டாதே. சதசதவென்றிருக்கும் நிலத்தில் டயர் தடம் போடாதே. பெரிய கூட்டமாக வந்தால் நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசு.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம். அங்கே போய்ப் பேசுவதால் உங்கள் உரிமை குறைவதில்லை, அவர் நிலமும் கை நழுவுவதில்லை. அதனால் பேச்சே வேறு மாதிரி ஆகிறது. "வரலாமா?" என்பதற்குப் பதில் "இருபது பேர் வர்றோம், எந்த வாரம் வசதி?" என்று கேட்கலாம். அவரும் "ஏப்ரல்ல ஆடு குட்டி போடுற நேரம், மேல் பாதையில போங்க, ரெண்டாவது கேட் மூடியிருந்தா மூடிட்டுப் போங்க" என்று சொல்ல முடிகிறது. இருபது சைக்கிள் ஒரே வரிசையில் சத்தமில்லாமல் இறங்கி வந்தால் சினை ஆடு எப்படி ஓடும் என்று அவருக்குத்தானே தெரியும்.

கிண்டருக்குக் கடைசியில் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 2000இல் ஒரு சட்டம் வந்தது, அந்த மேட்டுநிலங்கள் பொதுமக்களுக்குத் திறந்தன. 2002 ஏப்ரலில், எழுபதாவது ஆண்டு நிறைவில், அன்றைய டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா காலத்தில் நடந்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைப் பார்க்கவில்லை, அதே ஜனவரியில் இறந்துவிட்டார். அந்தச் சட்டம் உரிமை கொடுத்தது நடப்பவர்களுக்கு மட்டும். அவர் இன்றைக்கு வந்தாலும், மேட்டில் ஏற சைக்கிளைக் கீழே சாத்திவைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.