35 மணி நேரமும் ஓர் அறையும்: மனநோயரின் குடும்பத்துக்கு எது ஆதரவு?

1976இல் லண்டனில் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு நோயரின் குடும்பத்தை உலகம் பார்க்கும் விதத்தையே மாற்றியது. ஓயாத குறைகூறலும் எரிச்சலும் எல்லை மீறிய பதற்றமும் உள்ள உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து வாழும் நோயருக்கு நோய் திரும்புவது மிக அதிகம் என்று அது காட்டியது. அத்தகைய வீடுகளில், மருந்தை விடாமல் உட்கொண்டவர்களிலேயே, அந்த நேரத்தைத் தாண்டியவர்களில் 53 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் திரும்பியது. தாண்டாதவர்களில் 15 விழுக்காட்டினருக்கே திரும்பியது. குடும்பங்களுக்கான பயிற்சி என்று இன்று வழங்கும் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது: குரலைத் தாழ்த்துங்கள், குற்றம் சொல்லாதீர்கள், கொஞ்சம் விலகி இருங்கள்.

இந்த அறிவுரையைச் சென்னையின் பட்டினப்பாக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அங்கேதான் உறக்கம், சமையல், பிள்ளைகளின் படிப்பு, விருந்தாளி, சண்டை எல்லாம். வேலைக்குப் போகாத மகனும் அவனை விட்டு நகர முடியாத தாயும் விழித்திருக்கும் நேரம் நாளொன்றுக்குப் பதினான்கு மணி என்று வைத்துக்கொண்டால், திங்கள் காலை தொடங்கும் கணக்கு புதன் பகலுக்குள் 35ஐத் தொட்டுவிடும். விலகி இருங்கள் என்றால் எங்கே விலகுவது? மாடிப்படியிலா, கடற்கரை மணலிலா? மீன் விற்கப் போகும் தாய் விலகத்தான் செய்கிறாள். மகனைப் பூட்டிவிட்டுப் போவதா, அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவதா என்ற கேள்வியோடு.

குடும்பத்தின் குணமாக அளக்கப்படுவதில் ஒரு பகுதி வீட்டின் பரப்பளவு என்பதே என் வாதம். சண்டிகரில் லண்டன் ஆய்வின் அளவுகோலையே கொண்டு செய்து 1987இல் வெளியான ஆய்வு, லண்டனைவிட மிகக் குறைவான குடும்பங்களிலேயே அத்தகைய கடுமை இருப்பதைக் கண்டது. நம் குடும்பங்களின் பொறுமைக்கு இது சான்று. ஆனால் அந்தப் பொறுமையையே காரணம் காட்டி, செலவில்லாத மருத்துவமனை வார்டாகக் குடும்பத்தை நடத்தத் தொடங்கியது பெரும் அநீதி.

குடும்பத்துக்கும் ஆதரவு வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், உறவினரையும் நோயருடன் தங்கவைத்துச் சிகிச்சை தந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, பராமரிப்பவரின் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை 1998இல் வெளியிட்டது. வாழ்க்கைத் துணையுடனான உறவு, பராமரிப்பவரின் உடல்நலம், அன்றாட ஒழுங்கு, வெளியிலிருந்து கிடைக்கும் உதவி என்று அது தனித்தனியே கேட்கிறது. என் மதிப்பில், இத்துறையில் சென்னையின் மிக நேர்மையான பங்களிப்பு இதுதான். நோயரைப் பற்றி மட்டுமே கேட்டுப் பழகிய மருத்துவம், உடன் வந்தவரைப் பார்த்து 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டது. கோவா, சதாரா, காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான பரிசோதனையும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே போனால் மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் தருவதைவிட ஓரளவு கூடுதல் பயன் உண்டு என்று காட்டியது. பயன் சிறிதுதான். ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாத பணியாளரால் கிடைத்த பயன் அது.

குடும்பங்கள் கைவிட்டன என்ற குற்றச்சாட்டும் எளிதாக எழுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் காப்பகம் ஒன்றில் மனநோயர் 28 பேர் சங்கிலியோடு எரிந்து மாண்டபோது, இவர்களை அங்கே கொண்டுவிட்டது யார் என்று நாடே கேட்டது. கொண்டுவிடாமல் இருக்க அந்தக் குடும்பங்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டவர்கள் சிலரே.

இன்று சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நோயரின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் இல்லத்திலேயே மறுவாழ்வையும் அரசின் கடமையாக்குகிறது. சட்டம் கடமை என்று சொன்னதை நாம் இன்னும் கருணையாகவே எதிர்பார்க்கிறோம். பராமரிக்கும் உறவினர், பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 75,000 ரூபாயும், கடுமையான குறைபாடானால் 1,25,000 ரூபாயும் கழிவு கோரலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத மீனவப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: 'எனக்கப்புறம் இவனை யார் பாப்பாங்க?' ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்குக் காப்பாளர் ஏற்பாட்டுக்கு வழி செய்த 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மனநோய் இடம்பெறவில்லை. நோயரின் விருப்பத்தை மதிக்கும் காப்பு ஏற்பாடே தேவை. முழு அதிகாரத்தையும் உறவினரிடம் கொடுப்பது, நோயரின் குரலைக் கேளாத பழைய தவறையே மீண்டும் செய்வதாகும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பல, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள செம்மஞ்சேரி போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தன. மனநோயர் உள்ள வீட்டுக்கு இத்தகைய இடமாற்றம் முகவரி மாற்றம் மட்டுமல்ல. மகன் தெருவில் நின்று கத்தினால் பெயர் சொல்லி அழைத்து வீட்டுக்குக் கூட்டிவரும் அண்டை வீட்டார், கடனுக்கு மாத்திரை தரும் கடைக்காரர், பழகிய மருத்துவமனை எல்லாம் ஒரே நாளில் தொலைவாகின்றன. இந்த இழப்பு எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே ஆதரவை அறிவுரையால் அளக்காமல் மணி நேரத்தாலும் இடத்தாலும் அளக்க வேண்டும். சென்னையின் பழைய வாரியக் குடியிருப்புகள் இடித்துக் கட்டப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு வளாகத்தின் தரைத்தளத்திலும் நோயர்கள் பகலில் தங்கவும் வேலை பழகவும் ஒரு கூடம், வாரம் ஒருமுறை மனநலச் செவிலியர், தாய் ஊருக்குப் போய்வரச் சில நாள் மாற்றுப் பராமரிப்பு: இவற்றை வாழ்விட மேம்பாட்டு வாரியமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் கட்டட வரைபட நிலையிலேயே சேர்க்க வேண்டும். பட்டினப்பாக்கத்தில் தொடங்கலாம்.