வேர்த்துண்டும் பிள்ளைத்துண்டும்: செகண்ட் லைஃபில் உடலும் உடைமையும்

செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகை சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அங்குள்ள வீடு, நாற்காலி, கடை எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பவர்களே கட்டியவை. கட்டுமானத்தின் அடிப்படை அலகுக்குப் பெயர் பிரிம்: பெட்டி, உருளை, கோளம், வளையம் மாதிரியான சாதாரண வடிவம். நீட்டி, முறுக்கி, துளைபோட்டு, ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு பொருள். அதைத் தரையிலும் வைக்கலாம். மண்டை, மூக்கு, வலது கை என்று குறித்துவைத்த இடம் பார்த்து அவதாரின் உடம்பிலும் மாட்டலாம். ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இணைப்பது, மாட்டுவது என்ற இவ்விரு செயல்களுக்குள்ளும் உடைமையின் அரசியல் ஒளிந்திருக்கிறது.

இணைப்பதை முதலில் பார்ப்போம். பல துண்டுகளைத் தேர்ந்து இணைக்கையில் கடைசியாகத் தேர்ந்ததுதான் வேர். மற்றவை அதன் பிள்ளைகள். முழுப் பொருளும் வேரின் பெயரையே ஏற்கிறது. நாற்காலியின் கால்களை ஒருவர் செய்து, இன்னொருவர் செய்த இருக்கை வேரானால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இருக்கை செய்தவரே நாற்காலியின் கர்த்தா. கால் செய்தவரின் பெயர் அழிக்கப்படுவதில்லை. துண்டைத் தனியாகத் தொட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும். ஆனா யாரு அப்படித் தொட்டுப் பாக்கப்போறாங்க? உழைப்பை மறைக்க அழிக்க வேண்டியதில்லை, படிநிலைப்படுத்தினால் போதும்.

ஆரம்ப மாதங்களில் கட்டிய பொருளுக்கு வரி இருந்தது. கட்டக்கட்ட வரி. அமெரிக்க நினைவுச்சின்னங்களை அமெரிகானா என்ற இடத்தில் எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் 2003இல் கலகத்தில் இறங்கினார்கள். பாஸ்டன் தேநீர்க் கலகத்தை நினைவூட்டும்படி ராட்சதத் தேயிலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். படைப்பின் அறிவுசார் உரிமை படைத்தவருக்கே என்று அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் வரியும் போனது. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் வரி எழுந்துபோன நாற்காலியில் நிலம் வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு கட்டலாம் என்பதை இனி மனையின் பரப்பு தீர்மானித்தது. 65,536 சதுர மீட்டர் கொண்ட ஒரு வட்டாரத்துக்கு அன்று 15,000 பிரிம். 512 சதுர மீட்டர் மனைக்கு வெறும் 117. மனையில்லாதவர் பொது மணல்தொட்டியில் கட்டிப் பழகலாம். சில மணி நேரத்தில் பொருள் அவரிடமே திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.

உடம்பில் மாட்டியது மட்டும் இந்தக் கணக்கில் வராது. வீட்டை 117 துண்டுக்குள் குறுக்கியவர், கூந்தலுக்கு மட்டும் இருநூறு துண்டைச் சுமந்து திரியலாம். மாட்டிய பொருள் எதிலும் மோதுவதுமில்லை. சுவரை ஊடுருவிப் போய்விடும். ஆக, நிலமற்றவரின் நிலமாக உடல் ஆனது. கூந்தல், செருப்பு, சிறகு, வால் என்று பெரிய சந்தையே உடலைச் சுற்றிக் கிளம்பியது இதனாலும்தான். இதை வெறும் அலங்கார மோகம் என்று ஏளனம் செய்பவர்கள் நிலக்கணக்கைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

2011இல் மெஷ் வந்தது. வெளியே வேறொரு மென்பொருளில் செய்த உருவத்தை உள்ளே ஏற்றும் முறை இது. பிரிம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் நாலு பேர் பார்க்க, பேசிக்கொண்டே கட்டுகிற பட்டறை பெருமளவு உலகத்துக்கு வெளியே நகர்ந்தது. மாட்டிக்கொள்பவரும் கட்டுபவரும் விலகிப்போனார்கள்.

சுமைக்கும் கணக்கு வராமல் இல்லை. மனையின் கணக்கில் ஏறாத சுமை, பார்ப்பவரின் கணினியில் ஏறியது. 2016இல் ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வழி வந்தது: அதைத் தாண்டிய அவதார் அவர் கண்ணுக்கு ஒற்றை நிறப் பொம்மையாகத் தெரியும். உடம்பில் சேர்த்த உடைமை முழுக்க அப்படியே இருக்கிறது. எதிரில் நிற்பவருக்கு மட்டும் தெரியவில்லை. நிலத்தின் வரம்பை ஏமாற்றிய உடல் கடைசியில் அடுத்தவர் பார்வையின் வரம்பில் மாட்டிக்கொண்டது.