சாம்ப்ளர்: ஊசிமுனையில் ஓர் ஏடு

பூவேலை மாதிரிகளைத் தைத்து வைத்த லினன் துணிக்கு இங்கிலாந்தில் 'சாம்ப்ளர்' என்று பெயர். எம்பிராய்டரி மாதிரிகளை அச்சிட்ட புத்தகங்கள் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில்தான் வெளிவரத் தொடங்கின. அவை எல்லார் கைக்கும் எட்டவில்லை. புதிய கொடி வேலையையோ கரை வேலையையோ கண்ட பெண், மறக்காமலிருக்க அதைத் தன் துணியில் ஒருமுறை தைத்து வைத்துக்கொள்வாள்.

ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் மிகப் பழையது, 1598இல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்த செய்தியும் அதில் எழுத்தெழுத்தாகத் தைக்கப்பட்டிருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இது இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் சாம்ப்ளர் சுருட்டி வைக்கத்தக்க நீண்ட, ஒடுங்கிய துணியாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது அகன்று, சிறுமியரின் பாடமானது. அகரவரிசை, எண்கள், விவிலிய வாசகம், வீடு, மரம், கீழே தைத்தவளின் பெயரும் வயதும் என அதற்கொரு வடிவம் அமைந்தது. எழுத்துக்கும் எண்ணுக்கும் காரணம் உண்டு. பெரிய வீடுகளில் விரிப்புகளும் துவாலைகளும் கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொன்றிலும் உரிமையாளரின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் குறுக்குத் தையலில் பொறிப்பார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கவிஞர்கள் இத்துணியைப் பெண்ணின் மனம் பேசும் இடமாகக் கண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் ஸ்கெல்டன் எழுதிய 'பிலிப் ஸ்பாரோ'வில், இறந்த சிட்டுக்குருவியின் உருவைத் தைக்கும் சிறுமிக்கு, ஊசி பட்டதும் குருவி வாய் திறந்து முறையிடுவதாகத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில், தோழியோடு பூசல் வந்தபோது ஹெலனா, இருவரும் ஒரே சாம்ப்ளரில் ஒரே பூவைத் தைத்த நாளை நினைவூட்டுகிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில், நா அறுக்கப்பட்ட பிலோமெலா தனக்கு நேர்ந்ததைத் தறியில் நெய்து தெரிவிக்கிறாள். 'டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ்' நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அந்தத் தறிவேலையைச் சாம்ப்ளராக்கினார். அந்நாடகத்தின் லவீனியாவுக்கு நாவோடு கைகளும் போய்விடுவதால் அந்த வழியும் அடைபட்டது.

கவிஞர்கள் கண்டதை வாழ்வில் செய்தவர் எலிசபெத் பார்க்கர். சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த இப்பணிப்பெண், தனக்கு எழுத வராது என்று தொடங்கி, வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமையையும் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்ததையும் 1830ஆம் ஆண்டையொட்டி லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால் தைத்தார். பூவோ கரையோ அதில் இல்லை. விரிப்புகளுக்கு எண் பொறிக்கப் பயன்பட்ட அதே குறுக்குத் தையலே அவர் தன் வரலாற்றைச் சொல்லும் எழுத்தாயிற்று.