கொல்லைக் கொடியும் அரண்மனைக் கணக்கும்

திருவனந்தபுரத்தில் கரமனை, வலியசாலை முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றால், சிலவற்றின் பின்கட்டைத் தாண்டிய கொல்லையில் இன்றும் ஒரு பலாமரத்தைக் காணலாம். அதன் அடிமரம் கண்ணுக்குத் தெரியாது. வெற்றிலையைப் போன்ற, ஆனால் அதனினும் தடித்த கரும்பச்சை இலைகள் மரத்தைக் கவைவரை போர்த்தியிருக்கும். இலைக் கணுக்கள்தோறும் விரல் நீளத்தில் பச்சைமணிச் சரங்கள் தொங்கும். அதுதான் மிளகுக்கொடி. வீட்டுக்கு வேண்டிய மிளகு அதிலிருந்து கிடைத்துவிடும். மிஞ்சியது சாலைக் கடைத்தெருவுக்குப் போகும். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். தம் கொல்லையில் தம் கையால் நட்ட இக்கொடியின் காயைத் தம் விருப்பம்போல் விற்பதற்கு இந்நாட்டுக் குடிகளுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக உரிமை இல்லாதிருந்தது என்பதே நாம் இங்குக் கூறப்புகும் செய்தி.

அதற்கு முன்னர், கடல் கடந்த நாட்டுக் கொடி ஒன்றையும் அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம். இங்கிலாந்தில் கெண்ட் என்னும் பகுதியில் ஹாப் என்று ஒரு கொடி உண்டு. பார்லியிலிருந்து காய்ச்சும் பீர் என்னும் பானத்துக்குக் கைப்புச் சுவை ஊட்டவும், அது விரைவில் கெடாதிருக்கவும் அக்கொடியின் பூங்கொத்துகளைச் சேர்ப்பார்கள். பெரிய தோட்டங்களில் மட்டுமன்றி வீட்டுத் தோட்டங்களிலும் கழி நட்டு, கயிறு கட்டி அதை ஏற்றுவது வழக்கம். மிளகுக்கொடி கணுவேர்களால் மரத்தைப் பற்றி ஏறும். ஹாப் கொடியோ தன் தண்டையே கழியில் சுற்றிக்கொண்டு ஏறும். ஹாப் கொடியைத் திருவனந்தபுரத்தில் வளர்க்கலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அக்கொடிக்குக் குளிர்காலத்தில் உறக்கமும், கோடையில் நீண்ட பகலும் வேண்டும். நம் திருவனந்தபுரத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. நட்டால் தழைக்கலாம், ஆனால் மனம் வைத்துப் பூக்காது. இந்தியாவில் அதற்கு ஏற்ற இடம் இமயமலைச் சாரலிலுள்ள லாஹௌல் போன்ற குளிர்ப் பள்ளத்தாக்குகளே. அக்கொடியைப் பற்றி இங்குப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அதை இறுதியில் சொல்வோம்.

மிளகு மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய பயிர். பழந்தமிழர் அதனைக் ‘கறி’ என்று வழங்கினர். முசிறித் துறைக்கு வந்த யவனர் மிளகுக்கு விலையாகப் பொன் கொடுத்தனர் என்னும் செய்தி அகநானூற்றில் உண்டு. பிற்காலத்தில் போர்த்துக்கீசியரின் வழியாக அமெரிக்கக் கண்டத்துக் காய் ஒன்று வந்து சேர்ந்தபோது, மிளகைப் போலவே அதுவும் உறைத்தமையால் அதற்கு மிளகாய் என்றே பெயரிட்டோம். திருவனந்தபுரம், நாகர்கோயில் பக்கத்தவர்கள் ஒருபடி மேலே சென்று, பழைய சரக்கை ‘நல்லமிளகு’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். புதிதாக வந்தது நல்லதன்று என்று அவர்கள் கருதினார்களோ என்னவோ!

காட்டு மிளகுக்கொடியில் ஆண், பெண் என்னும் வேறுபாடு உண்டு. பெரும்பாலும் ஒரு கொடியில் ஒரு வகைப் பூவே இருக்கும். ஹாப் கொடியும் அத்தகையதே. ஆனால் நம் கொல்லைகளில் வளரும் மிளகின் சரத்தில் இருபாற் பூக்களே மிகுதி. இது தானாக நேர்ந்த மாறுதல் அன்று. நன்றாகக் காய்த்த கொடியிலிருந்தே தண்டு வெட்டி, அதையே மறுபடியும் நட்டு வந்த எண்ணற்ற தலைமுறைகளின் கைவேலை அது. கொட்டநாடன், கரிமுண்டா, நாராயக்கொடி என்று அவர்கள் இட்ட பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

நடுவதற்கு உரிய காலம் திருவாதிரை ஞாற்றுவேலை. அதாவது, கதிரவன் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் ஜூன் மாதக் கடைசியும் ஜூலை முதல் வாரமும். அப்போது மழை விட்டு விட்டுப் பெய்யும். இடையிடையே வெயிலும் காயும். கொடியின் அடியில் தரையோடு ஓடும் தண்டுகளை வெட்டி, முள்முருங்கை, பலா, மா, கமுகு ஆகியவற்றின் அடியில், வெயில் நேரே சுடாத பக்கத்தில் நடுவார்கள். போர்த்துக்கீசியர் மிளகுத் தண்டுகளைக் கப்பலில் ஏற்றிச் செல்கிறார்கள் என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் முறையிட்டபோது, “கொடியைக் கொண்டு போகட்டும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டு போக முடியாதல்லவா?” என்று அவருடைய அமைச்சர் விடையளித்தார் என ஒரு கதை வழங்குகிறது. கதை நயமானது, ஆனால் அமைச்சரின் கணக்கு தவறிவிட்டது. ஞாற்றுவேலை இல்லாத வியட்நாம் நாடு இந்நாளில் உலகிலேயே மிகுதியாக மிளகு விளைக்கிறது.

நட்ட மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் கொடி காய்க்கத் தொடங்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும், ஒற்றை மூங்கில் ஏணியைச் சார்த்திப் பறிப்பார்கள். காலால் மிதித்து மணிகளை உதிர்த்து, பாயில் பரப்பி, சில நாள் வெயிலில் உலர்த்தினால் பச்சைமணி சுருங்கிக் கருப்பாகும். 3 கிலோ பச்சைமணி, காய்ந்தபின் ஏறத்தாழ 1 கிலோ மிளகாகும். இவ்வளவுதான் தொழில். ஆலை வேண்டா, பெரு நிலமும் வேண்டா. ஏழையின் கொல்லையிலும் இது விளையும் என்பதே இதன் சிறப்பு. இதனை வாங்க வந்தவர்களோ உலகின் பெருஞ்செல்வர்கள். இவ்விரு சாராருக்கும் இடையே யார் நிற்பது என்பதுதான் திருவிதாங்கூர் வரலாற்றின் ஒரு பெரும் பகுதி.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் அஞ்சுதெங்கு என்னும் சிற்றூர் உள்ளது. ஆற்றிங்கல் ராணியின் இசைவு பெற்று, 1690களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கு ஒரு கோட்டை கட்டினர். நோக்கம் மிளகே. அக்கோட்டைத் தலைவர்கள் கம்பெனியின் கணக்கில் கொஞ்சமும் தங்கள் சொந்தக் கணக்கில் மிகுதியுமாக வாணிகம் செய்தனர். விலையில் வஞ்சனையும் நடத்தையில் செருக்கும் சேர்ந்து ஊர்மக்களின் சினத்தை வளர்த்தன. 1721ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கிஃபோர்டு என்னும் தலைவர் ராணிக்குக் காணிக்கை செலுத்துவதற்காக ஏறக்குறைய 140 பேருடன் ஆற்றிங்கலுக்குச் சென்றார். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் அங்கே கொல்லப்பட்டனர். அதன்பின் கோட்டை பல மாதம் முற்றுகையில் இருந்தது. பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகளுக்கு முன் நடந்த இந்நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பிற்காலத்தில் கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728இல் இதே அஞ்சுதெங்கில் பிறந்தவர் என்பதையும் இடையே சொல்லி வைப்போம்.

1729இல் மார்த்தாண்டவர்மர் அரியணை ஏறினார். மிளகு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நாடு இருக்கும் என்பதை அவர் ஐயமறக் கண்டார். மிளகுக்காகவே அவரோடு மோதிய டச்சுக்காரர்கள் 1741இல் குளச்சலில் தோல்வியுற்றனர். குளச்சல் 1956 முதல் நம் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு வெற்றித்தூண் ஒன்று நிற்கிறது. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் அதே அரசரின் படையைப் பயிற்றுவித்து, 1777இல் மறைந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார்.

வெற்றிக்குப் படை வேண்டும். படைக்குப் பணம் வேண்டும். அரசர் மிளகைச் சர்க்காரின் தனியுரிமையாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தளவாயாக உயர்ந்த இராமய்யன் அதனை நடைமுறைப்படுத்துவதில் வலக்கையாக நின்றார். குடிகள் தங்கள் தோட்டத்திலும் கொல்லையிலும் விளைந்த மிளகு முழுவதையும் சர்க்கார் பண்டகசாலையில் கொண்டு வந்து அளக்க வேண்டும். சர்க்கார் குறித்த விலையைப் பெற்றுச் செல்ல வேண்டும். சர்க்கார் அதனைப் பல மடங்கு விலைக்கு வெளிநாட்டாருக்கு விற்கும். இந்த வாணிகத்தைக் கவனித்த இலாகாவுக்கு ‘முளகு மடிசீலை’ என்றே பெயர். மடிசீலை என்பது இடுப்பில் செருகும் பணப்பை. நாட்டின் பணப்பையே மிளகால் நிறைந்தது என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

இத்தனியுரிமையை எவ்வாறு மதிப்பிடுவது? ஐரோப்பியக் கம்பெனிகள் ஒவ்வொரு குறுநில மன்னரையும் தனித்தனியே மிரட்டி மிளகு வாங்கிய காலத்தில், அவர்களுக்கு முன் ஒரே விற்பனையாளராக நின்று விலை பேசிய அரசரின் திறனைப் போற்றாதிருக்க முடியாது. அந்த வருவாயால் கோட்டைகளும் சாலைகளும் எழுந்தன. எனினும், அவற்றுக்கான செலவைக் கொடுத்தவன் ஏணியில் ஏறி மிளகு பறித்தவனே. அவன் பெற்ற விலையைச் சந்தை நிர்ணயிக்கவில்லை. அரண்மனைக் கணக்கே நிர்ணயித்தது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது முறையாகாது.

1793இல் தர்மராஜா எனப் பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜா, ஆண்டுதோறும் 3000 கண்டி மிளகு தருவதாகக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். கண்டி ஒன்று 250 கிலோவுக்குக் குறையாது. ஆகவே இது 7,50,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு. அவ்வளவும் பெருந்தோட்டங்களில் விளைந்ததன்று; சிறு புரையிடங்களிலும் கொல்லைகளிலும் கூடை கூடையாகத் திரண்டது. அதற்கு ஈடாகக் கம்பெனி பெரும்பாலும் படைக்கலன்களையும் பிற சரக்குகளையும் தந்தது. மிளகு வெளியே போயிற்று. துப்பாக்கி உள்ளே வந்தது.

விலை எங்கே குறைத்து வைக்கப்படுகிறதோ அங்கே கள்ளக்கடத்தல் பிறக்கும். மலைக் கணவாய்களில் சாவடிகள் அமைத்துக் காவல் வைத்தும் இரவில் தலைச்சுமையாக மிளகு எல்லை கடந்தது. காவலுக்கு ஆகும் செலவும், காவலர்களின் கெடுபிடியும் வளர்ந்தன. சுமத்திராவின் மிளகு உலகச் சந்தைக்கு வந்து விலையைத் தாழ்த்தியபோது, பழைய வருவாயும் தேய்ந்தது.

1858இல் திவானாகப் பொறுப்பேற்ற தி. மாதவராவ் இதனைக் கண்டார். அவர் கும்பகோணத்தில் பிறந்தவர். தஞ்சை மராத்தியக் குடும்பத்தவர். 1860இல் மிளகுத் தனியுரிமை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. குடியானவன் தன் மிளகை எவருக்கும் விற்கலாம் என்றாயிற்று. ஐந்தாண்டு கழித்து, 1865இல் வெளிவந்த பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கு அந்நிலத்தின்மீது உரிமையையும் தந்தது. முதலில் காய் உரியவனுடையதாயிற்று. பின்னரே மண் ஆயிற்று. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்பது மாதவராவின் சிலை. அவ்விடத்துக்கே ‘ஸ்டாச்யூ’ என்று பெயர் வந்துவிட்டது. பேருந்து நடத்துநர் அப்பெயரைக் கூவும்போது அது யாருடைய சிலை என்று நினைப்பவர் எத்தனை பேர்?

ஹாப் கொடியின் பேச்சை முன்னர் எடுத்ததற்கு வருவோம். அஞ்சுதெங்கில் கம்பெனியார் மிளகு அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1711 முதல், இங்கிலாந்தில் ஹாப் கொடிக்கு எடைக்கு எடை தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. வளர்ப்பவர் தம் தோட்டத்தைத் தீர்வை அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். உலர்த்திய பூவை அவர்கள் வந்து நிறுத்துக் கணக்கெடுப்பார்கள். அந்நாட்டு உழவர்கள் நெடுங்காலம் முறையிட்டபின் அத்தீர்வை 1862இல் நீங்கியது. திருவிதாங்கூர் மிளகு விடுதலை பெற்ற இரண்டே ஆண்டுகளில்! ஒருவரை ஒருவர் அறியாத இரு நாட்டுக் கொல்லைக்காரர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தம் கொடிக்குத் தாமே உடையவராயினர்.

பின்னர் வந்த கதை நீளமானது. 1952இல் கண்ணூருக்கு அருகே பன்னியூரில் மிளகு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1971இல் அங்கிருந்து பன்னியூர்-1 என்னும் முதற் கலப்பினம் வெளிவந்தது. வாட்டநோயும் விலைச் சரிவும் கேரளக் கொல்லைகளைக் குறைத்திருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இந்திய மாநிலங்களுள் கர்நாடகமே மிளகு விளைவில் முந்தி நிற்கிறது. திருவனந்தபுரத்துப் பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழும்போது, பலாமரத்தோடு கொடியும் போய்விடுகிறது.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் மாடிவீடுகளில் வாழும் நேயர்கள் கொல்லைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கொடியின் தரைத்தண்டை நடாமல், காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்தால் அது மேலே ஏறாது. இடுப்பளவுச் செடியாகத் தொட்டியிலேயே நிற்கும். இதனைப் புதர்மிளகு என்பர். நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கிறது. அரை நிழலில் வைக்க வேண்டும், நீர் தேங்கலாகாது, வடநாட்டுக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைத்தல் நலம். ஒருநாள் ரசத்துக்குப் போதுமான மணியாவது அதில் கிடைக்கும். சென்ற ஆனி மாதத்தில் நாமும் ஒரு தொட்டியில் நட்டிருக்கிறோம். இதுவரை நான்கு இலை விட்டிருக்கிறது.