ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளின் கூட்டிலைகள்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்துள்ள ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, மண்ணுக்கடியில் உள்ள களிப்பாறைகளில் பதிந்து கிடைத்த பெரணி இலைகளும் கூட்டிலைகளும் இவை. முன்கிரெட்டேசியக் காலத்தவை, வயது 12 கோடி ஆண்டுகளை ஒட்டியது. இலைகளோடு அம்மோனைட் முதலிய கடல் உயிர்களின் ஓடுகளும் கிடைப்பதால், கரையோரக் காட்டின் இலைகள் நீரில் அடித்துவரப்பட்டு ஆழமில்லாக் கடலில் படிந்தன எனலாம்.

இப்படி வந்து சேர்ந்த இலை, தாய்மரத்தோடு ஒட்டிக் கிடைப்பது அரிது. ஆகவே, இலையின் உறுப்புகளைக் கொண்டுதான் செடியை அடையாளம் காண வேண்டும். கூட்டிலையின் நடுவே ஓடுவது அச்சு. அதிலிருந்து இருபுறமும் பிரிபவை சிற்றிலைகள். கறிவேப்பிலை இணுக்கு முழுவதும் ஒரே இலை; தாளிக்கும்போது உருவிப் போடுவது சிற்றிலைகளைத்தான். கருவேலம் இருமுறை பிரிவது. முருங்கை பெரும்பாலும் மும்முறை. இலைக்காம்பின் கக்கத்தில் மொட்டு இருக்கும், சிற்றிலையின் கக்கத்தில் இருக்காது என்பதே பூக்கும் செடிகளில் இரண்டையும் பிரித்தறியும் வழி.

பெரணியில் முதற்பிரிவு பின்னா, அதன் உட்பிரிவு பின்யூல். இளம் இலை நுனியிலிருந்து சுருண்டு, பிறகு விரியும். ஏரிக்கரையிலும் வயலிலும் படரும் ஆரைக்கீரையும் பெரணியே. காம்பு நுனியில் நான்கு சிற்றிலைகள் கூடிநிற்பதால் நம்பத் தயங்குபவர்கள் அதன் துளிரைப் பார்க்கட்டும். சுருள் அங்கேயும் இருக்கிறது.

1863-ல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்தப் பாறைகளையும் ஆராய்ந்து 1873-ல் சென்னைப் பகுதியின் நிலவியல் பற்றிய ஆய்வை வெளியிட்டார். இங்கும் சோழமண்டலக் கரையின் பிற இடங்களிலும் கிடைத்த தாவரங்களை, இந்திய நிலவியல் அளவைத் துறையின் ஒட்டோகார் ஃபைஸ்ட்மண்டல் 1879-ல் விவரித்தார். 1920-ல் ஏ. சி. சீவர்டும் பீர்பல் சாஹ்னியும் இந்தியாவின் கோண்டுவானாப் பாறைகளில் கிடைத்த தாவரங்களை மறுஆய்வு செய்து பல பெயர்களைத் திருத்தினர்.

ஸ்ரீபெரும்புதூர் இலைகளில் முதன்மையானது டைலோஃபில்லம். ஒருமுறை பிரிந்த நீண்ட இலை. குறுகிய சிற்றிலைகள் அச்சின் பக்கவாட்டில் அல்லாமல் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். அடிப்பகுதியின் மேல்மூலை வளைந்திருக்கும், கீழ்மூலை அச்சின் மேல் சற்றே இறங்கும். நரம்புகள் ஏறக்குறைய இணையாக ஓடும். டிக்டியோசாமைட்டஸ் என்னும் இலையில் அதே நரம்புகள் வலையாகப் பின்னும். கிளாடோஃபிளெபிஸ் பெரணியிலோ பின்யூல் தன் முழு அடியாலும் ஒட்டிநிற்கும். அதில் நடுநரம்பும் கவட்டையாகப் பிரியும் பக்கநரம்புகளும் உண்டு. கல் உடைந்து ஒரு விரல் அகலமே கிடைத்தாலும் ஒட்டும் இடமும் நரம்பும் தெரிந்தால் போதும். இலையின் மொத்த வடிவத்தைவிட இவை நம்பத்தக்கவை.

மொத்த வடிவம் உண்மையில் ஏமாற்றியது. டைலோஃபில்லம் இன்றைய சைகஸைப் போலவே தோன்றியதால் நெடுநாள் அந்த இனத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. 1913-ல் ஹாம்ஷா தாமஸும் நெல்லி பான்கிராஃப்டும் இத்தகைய இலைகளின் மேல்தோலை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இலைத்துளைகளின் அமைப்பு சைகஸிலிருந்து வேறுபடுவதைக் காட்டினர். இவை அடியோடு அழிந்துபோன பென்னட்டிட்டேல்ஸ் என்னும் வரிசையைச் சேர்ந்தவை. 1932-ல் சாஹ்னி, ராஜ்மகால் மலையில் கிடைத்தவற்றைக் கொண்டு, டைலோஃபில்லம் இலை, தண்டு, பூப்போன்ற இனப்பெருக்க உறுப்பு மூன்றையும் ஒரே செடியாக இணைத்து வில்லியம்சோனியா சீவர்டியானா என்று பெயரிட்டார்.